சீசரின் முழங்கால்

டாக்டரம்மாவின் விரல்களுக்கு அடியில் கேட்ட அந்தச் சிறிய 'டக்' சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பதுளை நகரில் அவர் நடத்தும் மிருக வைத்திய நிலையத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்து அப்போது நான்கு வருடம். மேசைமேல் சீசர் என்ற நாய் படுத்திருந்தது. நாற்பத்தெட்டு கிலோ எடை, ரொட்வைலர் கலப்பு. தலையை நான் பிடித்திருந்தேன். டாக்டரம்மா ஒரு கையால் தொடை எலும்பையும் மறு கையால் கீழ்க்கால் எலும்பையும் பற்றி மெதுவாக இழுத்துப் பார்த்தார். அசையக் கூடாத எலும்பு, மேசையின் இழுப்பறை போல முன்னால் வந்தது. மூன்று வாரங்களுக்கு முன் அவர் தம் கையாலேயே சரிசெய்த முழங்கால் அது. அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அறையின் மறுபக்கத்தில் நின்ற நாயின் சொந்தக்காரர் கிளாக்கர் ஐயாவும் பார்த்துவிட்டார்.

கிளாக்கர் ஐயா லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகளோடு தனியாக இருந்தார். மகளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. ஓரிரு சொற்கள்தாம் பேசுவாள். மனிதர்கள் கையைப் பிடித்தால் உதறிவிடுவாள். ஆனால் சீசரின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் கோயில்வரை நடந்துவிட்டு வருவாள். அவள் வெளியுலகத்தைப் பார்த்தது அந்த நடையில் மட்டுமே. சீசர் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டத் தொடங்கிய நாளிலிருந்து அவளும் வாசற்படியைத் தாண்டவில்லை.

முதன்முறை நாயைக் கொண்டுவந்தபோது, எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கும் என்றுதான் கிளாக்கர் ஐயா நினைத்திருந்தார். பெரிய நாய்களுக்கு இது பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை, உள்ளே இருக்கும் சவ்வு மாதக்கணக்கில் நைந்து நைந்துதான் அறுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். அவருக்குப் புரியும் மாதிரி உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார்.

"கீழ் எலும்போட தலை நம்ம தேயிலை மலை மாதிரி சரிவா இருக்குங்க ஐயா. மேல நிக்கிற எலும்பு ஒவ்வொரு அடிக்கும் பின்னால வழுக்கப் பாக்கும். இந்தச் சவ்வுதான் கயிறு மாதிரி இழுத்துப் புடிச்சிருந்துச்சு. இப்ப அது அறுந்துபோச்சு. மருந்து குடுத்து, கட்டிப்போட்டு வச்சிப் பாக்கலாம். ஆனா இவ்வளவு பாரமான நாய்க்கு அது சரிவராது. ஒப்பரேசன் ரெண்டு விதம் இருக்கு. மூட்டுக்கு வெளியில தடிச்ச நைலோன் நூல் போட்டுக் கட்டுறது ஒண்ணு. கயித்தை மாத்துற மாதிரி. மத்தது எலும்பை வெட்டித் திருப்பி, பிளேட் வச்சி ஆணி போடுறது. அதுல அந்தச் சரிவையே மட்டமாக்கிருவாங்க."

"எது நல்லதுங்க?"

"பெரிய நாய்க்கு ரெண்டாவது நல்லதுன்னு சொல்லுவாங்க. அதுக்குக் கண்டிக்குத்தான் போகணும். நூல் போடுறதுன்னா நானே இங்க செய்வேன்."

கிளாக்கர் ஐயா நெடுநேரம் யோசித்தார். கண்டி என்றால் நாய் பல நாள் அங்கே தங்க வேண்டும். மகள் அதைத் தாங்கமாட்டாள். "நீங்களே செஞ்சிருங்க டாக்டரம்மா. ஒங்கள நம்புறேன்" என்றார். டாக்டரம்மா உடனே தலையாட்டினார். அந்த வேகம் அன்று எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒப்பரேசன் நன்றாகவே முடிந்தது. எட்டு வாரம் ஓட விடக் கூடாது, படியேற விடக் கூடாது என்று பலமுறை சொல்லி அனுப்பினோம். மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலை காட்டுப்பன்றியொன்று அவர்கள் வீட்டு மரக்கறித் தோட்டத்துக்குள் புகுந்திருக்கிறது. சீசர் கயிற்றோடு ஒரே பாய்ச்சல். நூல் அறுந்ததோடு, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்துவிட்டது. நான் கேட்ட 'டக்' சத்தம் அதுதான்.

"என் கவனக்குறைவு. பின்கதவைச் சாத்தாம விட்டுட்டேன்" என்று கிளாக்கர் ஐயா முணுமுணுத்தார்.

அதை அப்படியே விட்டிருந்தால் யாரும் டாக்டரம்மாவைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் கையுறைகளைக் கழற்றிவிட்டு கிளாக்கர் ஐயாவின் முன்னால் வந்து நின்றார்.

"இல்லங்க ஐயா. ஓடினதால இன்னைக்கு அறுந்துச்சு. ஓடாட்டியும் இந்தப் பாரத்துக்கு அறுந்திருக்கக்கூடும். அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்க மகளுக்காகத்தான் இங்கயே செய்யிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான் உண்மை. பதுளையிலயும் இதைச் செய்யலாம்னு காட்ட எனக்கு ஆசை இருந்துச்சு. கண்டிக்குப் போங்கன்னு நான் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

கிளாக்கர் ஐயா நாயை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஐந்து நாள் தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஆறாம் நாள் டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பசறை வழியாக லுணுகலைக்குப் போனார். வளைவுக்கு வளைவு அவர் வாய் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தது. வாசலில் மகள் சீசரின் முதுகில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். கிளாக்கர் ஐயா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை அந்தக் கால்ல கத்தி வைக்கணுமா? அதுக்கு உசிரு இருக்குங்க" என்றார்.

"வைக்காட்டி வலியோடதான் இருக்கும். கண்டியில இதையே செய்யிற டாக்டர்கிட்ட பேசிட்டேன். நான் கூட வர்றேன். மகளோட இவங்க இங்க இருப்பாங்க" என்று என்னைக் காட்டினார். அந்த நிமிடம்வரை எனக்கே அது தெரியாது.

கடைசியில் கிளாக்கர் ஐயா சம்மதித்தார். அவர்கள் சீசரோடு கண்டிக்குப் போன அந்தப் பகல் மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு கழிக்கவில்லை. நாய் போன திசையைப் பார்த்தபடி மகள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிடவில்லை. தண்ணீர் கொடுத்தால் தட்டிவிட்டாள். அந்த வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறினால்தான் கிடைக்கும். அவளைத் தனியே விட்டுவிட்டு ஏறவும் பயம், ஏறாமலிருக்கவும் பயம். பிற்பகல் மூன்று மணிக்கு ஏறிப் பார்த்தபோது தவறிய அழைப்புகள் ஏழு என்று குறுஞ்செய்தி வந்தது. உடனே டாக்டரம்மாவுக்குத் திருப்பி எடுத்தேன்.

"பிளேட் ஒழுங்கா உக்காந்துருச்சி" என்றார் டாக்டரம்மா. "நான் உள்ள போகல. கிளாக்கர் ஐயாவோட வெளியில பெஞ்சுலதான் இருந்தேன்." பிறகு அழத் தொடங்கினார். வெட்டிய எலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் ஆனது. சீசர் வீட்டுக்கு வந்ததும் மகளின் படுக்கையை அதன் கூண்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். கடைசி எக்ஸ்ரே எடுத்த மறுநாள் இருவரும் கோயில்வரை நடந்து போனார்கள்.

நான் இப்போதும் அதே நிலையத்தில்தான் வேலை செய்கிறேன். பெரிய நாயின் முழங்காலோடு யார் வந்தாலும் டாக்டரம்மா இரண்டு வழிகளையும் சொல்லிவிட்டு, "நான் போட்ட நூல் ஒண்ணு அறுந்திருக்கு" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்கமாட்டார், கண்டி டாக்டரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து அனுப்புவார்.

போன மாதம் சீசரின் மற்ற முழங்காலும் போய்விட்டது. ஒன்று நைந்த நாய்களுக்கு அது நடக்கக்கூடியதுதான். கிளாக்கர் ஐயா எங்களைக் கேட்காமலே கண்டியில் ஒப்பரேசனுக்கு நாள் வாங்கிவிட்டார். அதைச் சொல்ல அவர் போன் எடுத்தபோது டாக்டரம்மா என்னிடம் முகத்தைக் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார். மேசைமேல் இருந்த போனின் ஒலிபெருக்கியில் கிளாக்கர் ஐயாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மகளும் வேன்ல வர்றேங்குதுங்க. டாக்டரம்மா, நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க. எனக்கு அது போதும்."

டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாதே என்று நான்தான் குனிந்து, "வர்றாங்க ஐயா" என்றேன்.