புஷ்பாவுக்கு இரண்டு பெயர்

சாயிமா வக்கீலாகி யாங்கூன் கோர்ட்டுகளில் ஏறி இறங்க ஆரம்பித்தபோது, "சொத்துப் பத்திரம் எழுதிப் பொழைச்சுக்கம்மா, வம்பு வழக்கு நமக்கெதுக்கு?" என்று புத்தி சொல்லாத உறவுக்காரர் இல்லை. சாயிமாவுக்கோ வம்பென்றால் வெல்லம். தோல் நிறத்தைப் பார்த்து வாடகைக்கு வீடு மறுத்தவர், வேலை மறுத்தவர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. தோற்றதும் உண்டு. அதைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

போன வருடம் புஷ்பா வந்தாள். நகரத்தின் ஓரத்தில் ஆலைகள் நிறைந்த லைங் தாயாவில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாகச் சட்டை தைத்தவள். மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிடுவதெல்லாம் 'கலாமா' என்றுதான். பர்மாவில் இந்திய வம்சத்துப் பெண்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. ஒருநாள் பொறுக்காமல், "எனக்குப் பேர் இருக்கு" என்றாள். மறுநாள் வேலை போயிற்று.

"வேலை வேணும்க்கா. ஆனா அந்த வார்த்தைக்கு இனிமே தலையாட்ட மாட்டேன்."

"ஆட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டார் சாயிமா. சாட்சி தேடிப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. கூட வேலை செய்தவர்களில் ஒருத்தியும் சாட்சிக்கு வரவில்லை. பாவம், அவர்களுக்கும் அடுப்பு எரியவேண்டுமே.

தொழிலாளர் புகார்களைக் கேட்கும் விசாரணைக் குழுவின் முன் மேற்பார்வையாளர் பரம சாதுவாகப் பேசினார். அவர் யாரிடமும் இனம் பார்த்ததே இல்லையாம். தையல் சரியில்லை என்று அந்தப் பெண்ணைப் பலமுறை பெயர் சொல்லி அழைத்துக் கண்டித்தாராம். குழுவினர் தலையாட்டினார்கள்.

சாயிமா எழுந்து பர்மிய மொழியில், மரியாதை சொட்டச் சொட்ட ஒரே கேள்வி கேட்டார்.

"என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். மூடினார்.

"கஷ்டப்படாதீங்க, ஊலே" என்று சொந்தச் சித்தப்பாவிடம் பேசுவதுபோல் குழைந்தார் சாயிமா. "அவளுக்கு வீட்டுல ஒரு தமிழ்ப் பேர், கம்பெனிப் பதிவுல ஒரு பர்மாப் பேர். ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும்."

மேற்பார்வையாளர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். ஆறு வருடம் கண்ணெதிரே உட்கார்ந்து தைத்தவளுக்கு அவரிடம் ஒரு பெயர்கூட இல்லை. அந்த மௌனத்தைவிட நல்ல சாட்சி சாயிமாவுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

வழக்கு ஜெயித்தது. வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானமே புஷ்பா போன் செய்தாள்.

"அக்கா, கூப்பிட்டாரு! 'மா புஷ்பா'ன்னு, மரியாதையா 'மா' போட்டு, எல்லாரும் கேக்க!"

"உடனே எந்திரிச்சியா?"

"எங்கக்கா! காதுல விழாத மாதிரி தச்சிக்கிட்டே இருந்தேன். மூணாவது தடவைதான் எந்திரிச்சேன்."