பிள்ளைப்பால் கமிட்டியில் நான் சொன்னது

பிள்ளைகளுக்கென்று சர்க்கார் ஒதுக்குகிற பணத்தை எதில் போட்டால் நல்லது என்று யோசனை சொல்ல, முப்பதுகளில் புதுச்சேரியில் ஒரு கமிட்டி வைத்தார்கள். அதில் நானும் இருந்தேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. அங்கே நான் சொன்ன ஒரு யோசனையைப் பற்றி எழுதிவைக்கவேண்டும் என்று ரொம்ப வருஷமாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டு வந்தேன்.

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. கடைத்தெருவில் நூலும் பொத்தானும் விற்றுக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் கையெழுத்துப் போடுவேன், துரைமாரைக் கண்டால் ‘போஞ்ஜூர், முசே’ என்பேன், அதோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் சார்பில் ஏழை வீடுகளுக்குப் போய் அரிசிச் சீட்டுக் கொடுத்து வருகிற வேலை பத்து வருஷமாக என்னிடம் இருந்தது. ஏழை வீட்டுக்குள்ளே போய் வருகிற ஓர் ஆள் வேண்டும் என்று கமிட்டியில் கேட்டபோது, எங்கள் பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

கமிட்டிக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. நல்ல மனுஷர்தான், காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புவார். அவருக்கு வலது பக்கம் ஒரு தமிழ் டாக்டர், இடது பக்கம் ஒரு வக்கீல். வக்கீல்தான் நான் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்வார், துரை சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வார். இன்னும் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் தலையாட்டுவார்கள்.

அந்த வருஷம் பெரிய பேச்சு பால்தான். மில் வேலைக்காரர்களின் கைக்குழந்தைகளுக்காக உப்பளத்தில் ஓர் இடம் பிடித்து, விடியற்காலையில் காய்ச்சின பசும்பால் கொடுத்தார்கள். தாய்மார் சீட்டைக் காட்டி, செம்பில் வாங்கிக்கொண்டு போவார்கள். வாரம் ஒருதரம் டாக்டர் குழந்தைகளைத் தராசில் போட்டுப் பார்ப்பார். ஆறு மாசமாகியும் எடை ஏறவில்லை. அடுத்த வருஷமும் இந்தச் செலவைச் செய்யலாமா, நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாமா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பால் எங்கே போகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்லும்படி துரை என்னிடம் சொன்னார்.

போனேன். உப்பளத்தில் ஒரு வீட்டில் அந்தப் பால் அப்பன்காரனின் காப்பிக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது வீட்டில் கதவு பாதி சாத்தியிருந்தது. “யாரும்மா உள்ளே?” என்று கேட்டுக்கொண்டே தலையை நீட்டினேன். அது நான் அரிசிச் சீட்டுக் கொடுக்கிற வீடுதான். புருஷன் செத்து நாலு மாசம். அந்தப் பெண் மில்லில் நூல் சுற்றுகிறவள். சுவரோரமாக நின்று, சர்க்கார் பாலைச் செம்போடு அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். பாயில் குழந்தை கிடந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆறு மாசத்துப் பெண் குழந்தை, உருவத்தில் மூன்று மாசம்.

என்னைக் கண்டதும் செம்பை இறக்கி, வாயைத் துடைத்துக்கொண்டாள். மாராப்பு விலகியிருந்தது. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஐயா…” என்று ஏதோ சொல்ல வந்தாள்.

“பரவாயில்லம்மா, அப்புறமா வர்றேன்” என்று சொல்லித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

பசியில் பிள்ளையின் பாலைக் குடித்த தாயை நான் வெட்கப்படுத்தவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குள்ளே ஒரு திருப்தி. அவளுக்காக மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம்கூடச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

ஆனால் கமிட்டியில் சொன்னேன். ஆளைச் சொல்லவில்லை, சங்கதியைச் சொன்னேன். “காப்பிக்குப் போவுது. சில வீட்டுல பெத்தவளே குடிச்சிடுறா.”

வக்கீல் இதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தமிழில் என்னைப் பார்த்து, “அப்போ இனிமே தாயைத்தான் தராசுல ஏத்திப் பாக்கணும், நூல்கடைக்காரரே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்காமல் ஏதோ யோசித்தார், பிறகு விட்டுவிட்டார்.

என்ன செய்யலாம் என்று துரை என்னையே கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துரை என்னிடம் யோசனை கேட்கிறார். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்திருந்ததைச் சொன்னேன். செம்பில் கொடுக்கவேண்டாம், குழந்தையை அங்கேயே தூக்கி வரட்டும், நம் ஆட்களே சங்கில் எடுத்துக் குழந்தை வாயில் புகட்டட்டும், ஒரு சொட்டும் வீட்டுக்குப் போகவேண்டாம் என்றேன். துரைக்குப் பிடித்துப்போய்விட்டது. வக்கீல் எழுதினார், மேலே போயிற்று. பாஸ்குப் பண்டிகை முடிந்த கையோடு உத்தரவு வந்தது. பால் செலவை நிறுத்தவில்லை. என் யோசனையால்தான் பிள்ளைகளுக்குப் பால் நிலைத்தது என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

புகட்டுகிற நேரத்தைக் காலை ஏழு மணி என்று வைத்தார்கள். மில் சங்கு அதற்கு முன்னாலேயே ஊதிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். யோசிக்கவில்லை.

ஒரு மாசத்துக்கெல்லாம் எடை ஏறுகிறது என்று கணக்கு வந்தது. உண்மைதான், வந்த குழந்தைகளுக்கு ஏறியது. தூக்கி வர ஆளில்லாத குழந்தைகள் வருவதே இல்லை. வராததைத் தராசில் போட முடியாது அல்லவா, அதனால் கணக்கு அழகாக இருந்தது.

எடை பார்க்கிற ஒரு சனிக்கிழமை, பெயர் கூப்பிட்டுக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நின்றேன். நான் செம்போடு பார்த்த அந்தப் பெண், குழந்தையோடு வந்தாள். மில்லுக்கு அரைநாள் மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். தராசில் வைத்ததும் டாக்டர் பழைய எடையைப் பார்த்தார், மறுபடியும் தராசைப் பார்த்தார்.

“தாய்ப்பால் குடுக்கிறியாம்மா?”

“இருந்தாத்தானே குடுக்கறதுக்கு.”

“முன்னே இருந்ததா?”

“இருந்திச்சு. பசும்பாலு இதுக்கு ஒத்துக்கல, குடுத்தா வயித்தால போவுது. அதனால நான் அதைக் குடிச்சிட்டு இதுக்கு மாருல குடுத்துக்கினு இருந்தேன். காலையில அது ஒண்ணுதான் என் வயித்துக்கு. இப்ப அதுவும் இல்ல, எங்கேருந்து ஊறும்?” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. “இந்த ஐயா அன்னிக்குப் பாத்தாரு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மூஞ்சைத் திருப்பிக்கினு போயிட்டாரு.”

டாக்டர் தலையை நிமிர்த்தாமலேயே எடையை எழுதினார். எழுதி முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: “இப்படியே போனா இந்த மழைக்காலத்தைத் தாண்டாதுங்க.”

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“ஏங்க, அஞ்சு பெத்தேன் உங்களுக்கு. ஒவ்வொரு தடவையும் பூண்டும் சுறாப்புட்டும் எனக்கு எதுக்குப் போட்டாங்கன்னு நினைச்சீங்க? என் வாய் ருசிக்கா?”

“தோணலை.”

“தோணாதுதான். தட்டு வைக்கிற பக்கம் நீங்க வந்ததே கிடையாது.” பிறகு சொன்னாள்: “கோயில்ல போய் முட்டி போட்டுட்டு வந்துடாதீங்க. யாருகிட்ட சொன்னீங்களோ அந்தத் துரைங்ககிட்டயே போய் இல்லேன்னு சொல்லுங்க.”

அன்றைக்கே ஒரு தூக்கில் கஞ்சியும், கொஞ்சம் பாலும், பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு அவள் மட்டும் உப்பளம் போனாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாளாம். வாங்கிக்கொண்டு, “உங்க வூட்டுக்காரரு அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களா?” என்று கேட்டாளாம். “நானாத்தான்” என்று சொல்லிவிட்டு வந்ததாக என் மனைவி சொன்னாள். அதில் எனக்கு ஒரு குத்து இருந்தது, அதையும் அவள் தெரிந்துதான் சொன்னாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். நான் முன்னே சொன்னது தப்பு, பால் கொடுக்கிற தாய்க்கும் பால் கொடுக்கவேண்டும், பழையபடி செம்பில் கொடுத்தனுப்பவேண்டும் என்றேன்.

வக்கீல் என் பக்கம் சாய்ந்தார். “போன தடவை தாய் குடிக்கிறான்னு புகார் சொன்னீரு. இந்தத் தடவை தாய்க்கே குடுன்றீரு. இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் பிரெஞ்சுல சொல்றது?”

“உங்க மூஞ்சி வேண்டாம். என் மூஞ்சியைக் காட்டியே சொல்லுங்க.”

சொன்னார். துரை கோபிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி, முன் கூட்டத்தில் நான் சொன்னதை வாசித்தார். வக்கீல் அதைத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொன்னார். வீடுகளை நேரில் நன்கு அறிந்தவரும் நம்பத்தகுந்தவருமான அங்கத்தினர் தம் கண்ணால் கண்டு கூறியதாவது… என்று போயிற்று. என் வார்த்தை எனக்கே யாரோ பெரியவர் சொன்னது போல இருந்தது. பிறகு துரை கேட்டார்: அன்றைக்குக் கண்டது பொய்யா? பொய்யில்லை. எடை ஏறவில்லையா? ஏறியிருக்கிறது. இந்தப் பணம் பிள்ளைகளுக்கென்று எழுதியிருக்கிறது, வளர்ந்த பெண்களுக்கு எப்படிக் கொடுப்பது?

டாக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். தாய்ப்பால் மறக்கும்வரைக்கும் பிள்ளைக்குப் பாத்திரம் தாய்தான் என்றார். தராசுக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார். நீளமாக வாசித்தார். துரை அந்தப் பெயர்களை வாங்கி ஒருமுறை பார்த்தார். கடைசியில், அடுத்த வருஷத்து யோசனையில் தாய்மாரையும் சேர்த்து எழுதலாம், இந்த வருஷத்துக் காகிதம் ஒப்பமாகிவிட்டது என்றார்.

“அடுத்த வருஷம் வரைக்கும் அந்தக் குழந்தை?” என்று கேட்டேன். வக்கீல் இதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை. வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

வெளியே வராந்தாவில் டாக்டர் என் தோளைத் தொட்டு, “தாய்க்கு மருந்துன்னு சீட்டு எழுதறேன். மருந்தை ஏன்னு யாரும் கேக்க முடியாது. பாலையே மருந்தா குடுக்கலாம். எந்த நேரத்துல வரச் சொல்றது?” என்றார்.

“மத்தியானம் மில்லு விடுற நேரத்துல வரட்டும்” என்றேன். யோசிக்கவே இல்லை. மத்தியானம் மில்லில் சாப்பாட்டுக்கு விடுவார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

ஒன்பது நாள் அவள் வந்து, நின்றபடியே குடித்துவிட்டு ஓடினாள் என்று பால் ஊற்றுகிற பெண் சொன்னாள். பத்தாவது நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவ ஊரை விட்டே பூட்டாளே. தெரியாதா உங்களுக்கு?”

“எங்கேம்மா?”

“தம்பி ஊருக்கு. திண்டிவனம் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில.” முறத்தை ஒருமுறை தட்டினாள். “மத்தியானத்துல மில்லு எங்கே, உப்பளம் எங்கே? போய்க் குடிச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள கேட்டைச் சாத்திப்புட்டான். ரெண்டு தரம் மேஸ்திரி கையைக் காலைப் புடிச்சு உள்ள போனா. மூணாந்தரம் வேலையில்ல போன்னுட்டான். யாருயா அது, மத்தியானம் வான்னு சொன்ன புத்திசாலி?”

நான்தான் என்று சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லக்கூடாதா ஐயா? சாயங்காலம் வரேன்னு சொல்லியிருப்பாளே.”

குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டேன். தூக்கிக்கொண்டு போகும்போது கண் திறந்திருந்தது என்றாள். அழுததா என்றால், இல்லை, அழவில்லை என்றாள்.

சாமியாரிடம் சொல்லி, திண்டிவனம் பக்கத்துக் கோயில்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். எழுதினார். ஊர்ப் பெயர் இல்லாமல் எப்படித் தேடுவது என்று ஒரு பதில் வந்தது. மற்றவர்கள் பதில் போடவில்லை. தம்பியின் ஊர் எது என்று அவளை நாங்கள் யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. அடுத்த வருஷம் துரை வாக்குத் தவறாமல் தாய்மாரையும் யோசனையில் சேர்த்தார். பால் கொடுத்தார்கள், சாயங்காலத்தில் கொடுத்தார்கள். தாய்மார் வந்தார்கள். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னும் மூன்று வருஷம் அந்தக் கமிட்டியில் இருந்தேன். ஒவ்வொரு யோசனைக்கு முன்னாலும், போய்க் கேட்டுவிட்டு வந்தீரா என்று வக்கீலே என்னைக் கிண்டல் பண்ணுவார்.

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்வது வழக்கம். இருப்பவர்களை முதலில் சொல்வோம், மரித்தவர்களைப் பிறகு. அந்தக் குழந்தையின் ஞானஸ்நானப் பெயர் பால் சீட்டில் இருந்ததால் எனக்குத் தெரியும். எந்த வரிசையில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பச்சைப்பிள்ளை போய்விட்டால் அது மோட்சத்தில் ஒரு சம்மனசு, அதற்காக நாம் வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை, நமக்காக அதுதான் வேண்டிக்கொள்ளும். உயிரோடு இருந்தால் நான் வேண்டிக்கொள்ளாமல் விடுவது பாவம். இதை என் மனைவியிடம் ஒருநாள் சொன்னேன்.

“பேரைச் சொல்லுங்க. எங்கே இருக்கான்னு மாதாவுக்குத் தெரியும்” என்றாள்.

சொல்கிறேன். இருப்பவர்களை முடித்துவிட்டு, மரித்தவர்களைத் தொடங்குவதற்கு முன்னால், கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.