துருமண்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, தண்ணீர் சுத்தமாக்க நிவாரணக்காரர் தந்துவிட்டுப் போன ஓசோன் இயந்திரம் எங்கள் ஆய்வுகூடத்து மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. அதைத் தட்டித் துடைத்து ஓட வைத்தவள் நான். நெல் அவிக்கும் ஆலை வாவிக்குள் விடுகிற நாற்றத் தண்ணீரைக் கலனில் சுமந்து வந்தவளும் நான்தான். ஓசோனைக் குமிழியாக விட்டால் மஞ்சள் நிறம் போகும், கரைந்திருக்கும் அழுக்குப் போகாது. ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

பிறகு மண்டூரிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். என்னைவிட இளையவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னாமுனையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, கிணற்றுத் தண்ணீரை வடிக்கும் பீப்பாவில் நான் மண் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கிணற்றில் துரு அதிகம். ஒரு மாதத்தில் வடிமண் செங்கல் நிறமாகிவிடும், வேலிக்கரையில் கொட்டிவிடுவோம்.

"கொட்டாதீங்க கா, எனக்குத் தாங்க."

அந்த மண்ணைக் கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி, ஆலைத் தண்ணீரையும் ஓசோனையும் ஒன்றாக விட்டாள். துருவில் பட்டதும் ஓசோனுக்கு வெறி பிடித்துவிட்டது. அழுக்கில் பெரும்பகுதி போயிற்று. வினையூக்கியாம்! நான் எத்தனை வருடம் வேலிக்கரையில் கொட்டிய சாமான்! இயந்திரம், தண்ணீர், மண் எல்லாம் என்னுடையவை, பேர் மட்டும் அவளுக்கு.  அவள் சிரிப்பதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இடம். தெரிவு செய்ய வருகிறவர்களுக்கு அவள் குழாயை ஓட்டிக் காட்ட வேண்டும். முதல்நாள் பின்னேரம், இராணுவம் பாதையை மூட முன்னர் அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். கண்ணாடிச் சாமானையெல்லாம் அமிலத்தால் கழுவி வைப்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தைச் சாட்டி மண்ணையும் கழுவினேன். துரு மஞ்சளாக வடிந்தது. வெளுத்த மண்ணைத் திரும்பக் குழாயில் நிரப்பினேன்.

அடுத்தநாள் அழுக்கு அசையவே இல்லை. தாளைப் பிரித்து மண்ணைப் பார்த்தவள், "ஓசோன் துருவைத் திண்டு போட்டுது கா," என்று அழுதாள். துருமண் நிலைக்காது என்று தன் கையாலேயே அறிக்கை எழுதினாள்.  இடம் எனக்குக் கிடைத்தது.

யுத்தம் முடிந்த வருடம் திரும்பி வந்தேன். ஆலைத் தண்ணீர் அப்படியே வாவிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். ஒரு சட்டி எருமைத் தயிரோடு என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க படிச்சு வந்த ஆள். சொல்லுங்க கா, அந்தத் துரு ஏன் போச்சு? இண்டைக்கும் யோசிக்கன்."

தயிர்ச் சட்டியைப் பார்த்தபடி சொன்னேன். "அது தானாப் போகல்ல. நான்தான் அசிட் விட்டுக் கழுவினன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "அட பாவி," என்றாள்.  பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அப்ப மண்ணில பிழையில்ல!"

நேரே பின்வளவுக்குப் போய், பீப்பாவடியில் குந்தி, துருமண்ணை இரண்டு கையாலும் தன் பைக்குள் அள்ளினாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.