நினைத்தபோது திறந்த கை

குரோம்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் என் இடது கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. விழுந்ததைக் கண் பார்த்தது, கைக்குத் தெரியவில்லை. கணவர் முரளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாய் கோணுது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்றார்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். சீக்கிரம் போனதால் உயிரும் பேச்சும் தப்பின. மெல்ல நடக்கவும் ஆரம்பித்தேன். இடது கை மட்டும் இறுக மூடியே கிடந்தது. அஸ்தினாபுரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கியர் போடுவது இடது கைதான்.

பல மாதப் பயிற்சிக்கும் விரல்கள் அசையாதபோது, மருத்துவர் ஓர் ஆய்வுச் சிகிச்சையைச் சொன்னார். தலையில் இ.இ.ஜி. தொப்பி (மூளையின் மின் அலைகளை வெளியிலிருந்தே பதிவுசெய்வது) மாட்டுவார்கள். கையைத் திறப்பதாக நினைத்தாலே அலைகள் மாறும். கம்ப்யூட்டர் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து, கையில் போட்ட மோட்டார் கிளவுஸைத் திறக்கும். அப்படிப் பழகப் பழக மூளை கைக்கு வழி கண்டுகொள்ளலாம். நிச்சயம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

முதல் வாரங்களில் கிளவுஸ் அசையவே இல்லை. வெறியோடு நினைத்தேன். பயிற்சி தந்த திவ்யா திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"பல்லைக் கடிக்காதீங்க அக்கா. உங்க தாடை சிக்னல்தான் வருது. கையைப் படம் மாதிரி பாக்காதீங்க. தொறந்தா உள்ள எப்படி இருக்கும்னு நினைங்க."

உள்ளே எப்படி இருக்கும்? கண்ணை மூடினேன். என்னிடம் கற்க வருபவர்கள் எல்லோரும் கியர் போட்ட பிறகும் குமிழை விடமாட்டார்கள். விடு, விடு என்று நாளெல்லாம் சொல்வேன். மூன்றாவது கியர் விழுந்ததும் உள்ளங்கை லேசாகி விரல்கள் பிரியுமே, அதை நினைத்தேன்.

மோட்டார் முனகியது. கை திறந்தது.

"இன்னொரு வாட்டி பண்ணு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முரளி. மறுபடி நினைத்தேன், மறுபடி திறந்தது. அன்று முழுக்க விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தைபோல அதையே செய்துகொண்டிருந்தேன்.

கிளவுஸ் இல்லாமல் விரல்கள் பிரிய இன்னும் பல மாதங்கள் ஆயின. ஒரு நாள் சமையலறையில் தக்காளிப் பையை முரளி யோசிக்காமல் என் இடப்பக்கம் நீட்டினார். நானும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். இருவரும் பையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. என்னோடு அந்தச் சிகிச்சையில் சேர்ந்த ஒருவருக்குக் கிளவுஸ் திறந்தது, கை திறக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு நான் உறுதி தர முடியாது. ஆனால் அசையாத கைக்குள்ளும் அசைவின் நினைப்பு உயிரோடு இருக்கிறது. அதை நான் திரையில் பார்த்தேன்.

இன்று ஜடையை நானே பின்னினேன். நான் நினைத்து, சற்றுப் பொறுத்துத்தான் இடது விரல்கள் வருகின்றன. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும்.

"லேட் ஆகுது," என்று வாசலிலிருந்து முரளியின் குரல் வந்தது.

"ஆகட்டும்," என்றேன். அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை பின்னினேன்.