மாமனார் படத்துக்குப் பின்னால் இருந்தது

முட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையின் முட்டைக் குடோனில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு முட்டையை ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் போதும், எதில் கீறல் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் வீட்டுச் சுவரில் இருந்த முட்டையைப் பார்த்துச் செய்வினை என்று ஊரைக் கூட்டினேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

என் வீட்டுக்காரர் போர் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் திரும்பி வர எட்டு மாதம் ஆகும். வீட்டில் நானும் மகளும்தான். அவள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருவாள்.

அவருக்கு ஒரே அக்கா, ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தது இந்த நங்கைதான். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவரும் அவரே. மாப்பிள்ளையையும் அவன் உடன்பிறந்தவளையும் உட்காரவைத்துச் செய்கிற சீர் அது. எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே இந்த வீட்டில் அவருக்கு உரிமை உண்டு என்று ஊரறியச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கே எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்வானேன்.

போன தை மாதம் அவர் தன் மகனுக்கு என் மகளைக் கேட்டார். சொந்தத்துக்குள் வேண்டாம், படிப்பு முடியட்டும் என்று மகள் சொன்னாள். நானும் அதையே அவரிடம் சொன்னேன். "செரி சாமி" என்றார், அதோடு முடித்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திட்டாமல் போனவர் உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஆறு மாதம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆடி பதினெட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். நான் வேலை முடிந்து உள்ளே நுழைகிறேன், நங்கை பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி, ஹாலில் மாட்டியிருக்கும் மாமனார் படத்துக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தூசி துடைத்ததாகச் சொன்னார். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அவர் கிளம்பிப் போன பன்னிரண்டாம் நாள் சத்தீஸ்கரில் இருந்து ஃபோன். துளை போடும் ராடு மாற்றும்போது நழுவி, என் வீட்டுக்காரருடைய வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். மறுநாள் காலையில், மாமனாரையாவது கும்பிடுவோம் என்று படத்தைக் கழற்றித் துடைக்கப்போனேன்.

சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவு. மெல்லிய துணியில் காசைச் சுற்றிச் சுவரோடு ஒட்டிவைத்த மாதிரி, அத்தனை நேர்த்தி. பக்கத்தில் சப்பையாக, சாம்பல் நிறத்தில் ஒரு எட்டுக்கால் பூச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதையும்தான் பார்த்தேன். ஆனால் எட்டுக்கால் பூச்சி இல்லாத வீடு எது? என் கண்ணில் பட்டது காசு மட்டும்தான்.

வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து குலசாமிக்கு வேண்டிக்கொள்வோம். நானே எத்தனையோ முடிந்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் நல்லதுக்கு யாராவது முடிவார்களா? ஸ்டூல் மேல் நின்ற நங்கை ஞாபகத்துக்கு வந்தார். அவ்வளவுதான். ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஃபோனை எடுத்தேன்.

"என்ற புருசன் கையி போச்சுங்க நங்கை. வெச்சுட்டுப் போனீங்களே, இப்ப உங்க மனசு குளுந்துதுங்களா?"

என்ன வைத்தார், எங்கே வைத்தார் எல்லாவற்றையும் நானே கத்திக் கத்திச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு ஃபோன் அணைந்துவிட்டது. பதில் சொல்ல வாயில்லை பார், அப்படியானால் உண்மைதான் என்று மகளிடம் சொன்னேன். மகள், அது ஏதோ பூச்சிக் கூடு மாதிரி இருக்கிறது என்றாள். நாலு எழுத்துப் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று அவளையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனுசனிடமும் சொன்னேன். என்ற அக்காளையா சொல்ற என்று கேட்டவர், இரண்டு நாள் என் ஃபோனை எடுக்கவே இல்லை.

குடோனில் என்னோடு வேலை செய்கிறவள்தான் வழி சொன்னாள். வெறும் கையால் தொடக்கூடாது, வேப்பிலையை வைத்து இடது கையால் பெயர்த்து டப்பாவில் போட்டு மூடு, அமாவாசை அன்றைக்கு முச்சந்தியில் சூடம் ஏற்றிக் கொளுத்திவிடு என்றாள். அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது. அப்படியே பெயர்த்தேன். அந்தப் பூச்சி இடத்தை விட்டு நகரவில்லை. விளக்குமாற்றால் ஓங்கி ஒன்று வைத்தேன். ஒரு கால் தனியாகக் கீழே விழுந்து துடித்தது, பூச்சி டியூப்லைட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டது.

மறுநாள் காலையில் பார்த்தால் அது திரும்பி வந்திருக்கிறது. வட்டம் இருந்த இடத்தில், சுண்ணாம்பு பெயர்ந்த தடத்தின் மேல், மிச்சமிருந்த ஏழு காலையும் விரித்துப் படுத்திருந்தது. அதற்கடுத்த நாளும் அங்கேயேதான். மகள் காப்பி டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அது எதையோ தேடுதும்மா என்றாள். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பு என்றேன். விளக்குமாற்றை மறுபடி எடுத்தேன்தான், என்னமோ அடிக்கக் கை வரவில்லை.

அமாவாசை அன்று குடோனுக்கு லீவு சொன்னேன். காலையிலேயே தலைக்குக் குளித்து, சூடமும் எலுமிச்சம்பழமும் எடுத்துவைத்து, உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

வேப்பிலை வாடிக் கிடந்தது. வட்டத்தின் ஓரம் கிழிந்திருந்தது. இலை மேல் ஏதோ ரவை கொட்டியது போலத் தூசி. ஊதிவிடலாம் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். தூசி நடந்தது. அத்தனையும் கால் முளைத்து நடந்தது. டப்பாவின் விளிம்பைத் தாண்டி என் கட்டை விரலில் ஏறி, மணிக்கட்டில் ஏறி, வளையலுக்குள் புகுந்து முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. கத்த வாய் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது. டப்பா கீழே விழுந்து உருண்டது.

மகள் ஓடிவந்தாள். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் முந்தானையாலேயே மெதுவாகக் கையைத் துடைத்துவிட்டாள்.

"முட்டைம்மா. குஞ்சு பொரிச்சிருக்குது" என்றாள்.

பூச்சிக்காக நான் நடுங்கவில்லை. கையில் ஊர்ந்ததெல்லாம் ஐந்து நிமிடத்தில் செடிப் பக்கம் போய்விட்டது. அந்த ஃபோனில் நான் பேசியது அப்படிப் போகவில்லையே. என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்தவரிடம், அவர் கையை நீதான் எடுத்தாய் என்று சொல்லியிருக்கிறேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எலுமிச்சம்பழம் உருண்டு தெருவுக்குப் போயிற்று. அன்றைக்கு நங்கைக்கு எத்தனை தடவை ஃபோன் போட்டேன் என்று தெரியாது. அவர் எடுக்கவில்லை. நேரில் போனால் கதவைச் சாத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டு நேரிலும் போகவில்லை. வாய்தான் நீளம் எனக்கு, தைரியம் அவ்வளவு இல்லை.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையோடு ஊருக்கு வந்தார். இரண்டு விரல் இல்லை. தம்பியைப் பார்க்க நங்கை வந்தார். வாசற்படி ஏறவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். தம்பி வெளியே போய் எதிரில் உட்கார்ந்துகொண்டார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதும், வந்தவர்கள் ஒரு வாயாவது குடிப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். பகையாளி வீட்டில் மட்டும்தான் குடிக்கமாட்டார்கள். அவர் சொம்பை வாங்கவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அது பூச்சி முட்டைதான், புத்தி கெட்டுப்போய்ப் பேசிவிட்டேன் என்று சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியின் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் சாமி. அப்பா படத்தத் தொடைக்கறப்பவே பார்த்தேன். அந்தப் பூச்சி அதும்மேலயே உக்காந்துட்டு நவுரவே இல்ல. பாவம், பொரிச்சுட்டுப் போவுட்டும்னு கையெடுத்துட்டேன்."

தம்பி கைக்கட்டில் பிரிந்திருந்த துணி நுனியை உள்ளே செருகிவிட்டார்.

"பூச்சிக்கே பாவம் பார்த்தவ நான். என்ற தம்பிக்கா வெப்பேன்?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. அப்போதும் என்னைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிட்டார். செவிட்டில் ஒரு அறை விட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு. தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது என் வீட்டுக்காரர் போர் வண்டிக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறார். சுவரில் நானும் ஒட்டடை அடிப்பதில்லை. ஏழு கால் பூச்சி மாமனார் படத்துக்குப் பின்னாலேயே குடியிருக்கிறது. மூலைக்கு மூலை குட்டிகள் வேறு. குளிக்கப் போனால் ஒன்று, அரிசி அளந்தால் ஒன்று, எதிரே வந்து நிற்கும். இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. போன மாதம் படத்தைச் சாய்த்துப் பார்த்தால் மறுபடியும் ஒரு வெள்ளை வட்டம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நங்கைக்கே ஃபோன் போட்டேன். எடுத்துவிட்டார். தொடாமல் விடு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த ஒரு சொல்லை நம்பி, போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நல்ல பித்தளைச் சொம்பை விளக்கி, பானைத் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் மகளின் பரீட்சையைப் பற்றி என்னிடம் விசாரித்தார். பிறகு தன் பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.