சுபோதினிக்கு ஆறு மரணங்கள்

காலை ஒன்பதரைக்கு நாவலாசிரியர் இராசரத்தினம் பேனை மூடியைக் கழற்றினால் கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்கோ கெட்ட காலம். போன மாதம் கீழ்வீட்டு நிரோஷன் இவருடைய இடத்தில் காரை நிறுத்தினான். இப்போது அவன் இவருடைய ஏழாவது நாவலில் வேறு பெயரில், ஒற்றைக் கண்ணோடு, கஞ்சா கடத்துகிறான். பழைய பாரை மீனை இவர் தலையில் கட்டிய மீன்காரனுக்குப் போன நாவலிலேயே தூக்கு. குடியிருப்பில் எல்லோரும் தன்னைக் கண்டதும் வணக்கம் வைப்பது இலக்கியப் பற்றினால் என்று அவர் நம்புகிறார், பாவம்.

கதாநாயகன் மட்டும் எப்போதும் அவரேதான். என்ன, அரையடி உயரம் கூட, தலை நிறைய முடி. லிஃப்டில் தனியே ஏறப் பயந்து மனைவியைக் கூப்பிடும் மனிதர், கதையில் வெள்ளம் பாயும் களனி கங்கையை நீந்திக் கடப்பார்.

அந்த மனைவி சுபோதினி. இவர் கையால் எழுதுவதை அவள்தான் கணினியில் தட்டி அச்சகத்துக்கு அனுப்புகிறாள். அவள் தட்டியதை இவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. "பிழை பாக்கிறது கிளாக்கர்மாரின்ர வேலை" என்பார். ஆறு நாவல்களிலும் கதாநாயகனின் மனைவிக்கு இவளுடைய மூக்குத்தி, இவளுடைய இருமல், இவள் வைக்கும் சொதி. ஆறிலும் அவள் செத்துப்போனாள். அத்தனை சாவையும் சுபோதினியே தட்டெழுதினாள். போன வெளியீட்டு விழாவில், மனைவியை நிஜமாகவே இழந்தவர் என்று நினைத்துச் சனம் இவர் கையைப் பிடித்து அனுதாபம் சொல்ல, அவள் றோல்ஸ் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

நேற்று ஏழாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை நீட்டினார்.

"இஞ்சேருங்கோ, இந்தமுறையாவது என்னை உயிரோட விடுங்கோவன்" என்றாள்.

"விசர்க்கதை கதையாதையும். நீர் செத்தால்தான் சனம் அழும்."

"எனக்காக ஒருக்கா?"

"இலக்கியத்துக்கு மனுசி, பிள்ளை எண்டெல்லாம் இல்லை" என்று சாய்மனைக் கதிரையில் சரிந்தார்.

சுபோதினி உள்ளே போய்த் தட்டத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடவேண்டியவள் எழும்பி உட்கார்ந்து ஒரு கோப்பை பிளேன்ரீ கேட்டாள். கதாநாயகன் குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தான். சனம் தாராளமாக அழட்டும்.

"முடிஞ்சுதே?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஓம், இந்தா அனுப்பிறன்" என்று சொல்லி, சுபோதினி விசையை அழுத்தினாள்.