காலி அட்டையை நீட்டிய மூன்று வருஷம்

முதலில் கொட்டாவிதான் வந்தது. காலையிலிருந்து ஓயாத கொட்டாவி. பிறகு மூக்கில் தண்ணீர், வியர்வை, வயிற்றுப்போக்கு. கால் தானாக உதறியது. விஷக்காய்ச்சல் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் முன்புதான் ராஜகீழ்ப்பாக்கம் மருந்துக்கடையில் மாத்திரை தராமல் அனுப்பியிருந்தார்கள். இடுப்பு வலிக்கு மூன்று வருஷமாகச் சாப்பிட்டது. பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். நான் படித்தது ஐந்தாவது. கடையில் பேசவும் கூச்சம். தீர்ந்த அட்டையை நீட்டுவேன், புதிது தருவார்கள். தினம் ஒன்று என்பது மூன்றானது.

அன்று கடைக்காரர் அட்டையைத் தொடவே இல்லை.

"டாக்டர் சீட்டு வேணும்மா. கவர்மெண்ட்ல ரூல் டைட் பண்ணிட்டாங்க. இத போதைக்கு வாங்கறானுங்க."

"எனக்கு இடுப்பு வலிப்பா."

"தெரியும்மா. மாட்டினா நான்தான் உள்ள போவணும்."

மருமகள் ஸ்டெல்லா தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, வித்ட்ராயல் என்றார் (பழகிய மருந்து திடீரென்று நின்றால் உடம்பு படும் பாடு).

"வலி மாத்திரைதானேம்மா சாப்ட்டேன்?"

"அதேதான். போதைக்கு அடிமையானவங்க வாங்கறதும் இதேதான்."

போதைக்கு அடிமையானவர்களுக்காக ஆலயத்தில் ஜெபிக்கும்போதெல்லாம் கண்ணை மூடி ஆமென் சொன்னவள் நான்.

சட்டம் தப்பு என்று சொல்லவில்லை. கடையில் கொடுப்பதை நிறுத்தினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போதை மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். வாசலில் ஸ்டெல்லா காதோடு சொன்னாள்.

"யாராச்சும் கேட்டா, பையனுக்குன்னு சொல்லிடுங்க அத்தை."

"எந்தப் பையன்? உன் புருஷனா?"

"ஐயோ, அவர் பேர இழுக்காதீங்க!"

பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். "யாருக்கும்மா வந்துகீற? புள்ளைக்கா?"

பொய் வாய்வரை வந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குத்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். "குளுருதா? எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு. போவ போவ அடங்கிடும்."

அடங்க மூன்று மாதம் ஆனது. உங்கள் வீட்டிலும் இப்படி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் தாங்களாகவே நிறுத்த விடாதீர்கள். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் அடுத்த மாத்திரை எப்போது என்பதுதான் எனக்குப் பொழுது. இப்போது மத்தியானம் ஒரேயடியாக நீண்டு கிடக்கிறது. இடுப்பு வலிக்கிறது. எந்த இடத்தில் தொடங்குகிறது, எப்போது தணிகிறது என்று கை வைத்துப் பார்க்கிறேன். புதிதாகக் குடிவந்த வீட்டில் சுவரைத் தடவி நடப்பதுபோல் இருக்கிறது.